உப்புக்கரையின் எதிரி

ஜனவரி 9

அக்காவுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். போன் பண்ணியிருக்கலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே யார் முதலில் கத்தியது என்பதுதான் பேச்சாகிவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு சௌகரியத்துக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் புது கம்ப்யூட்டர் ஆட்டம் முடிந்துவிட்டது. பெயர் ‘உப்புக்கரை’. அடுத்த மாதம் கடைக்கு வருகிறது. எங்கள் முதலாளி உன் பத்திரிகைக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டார். என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். படை திரட்டிச் சண்டை போடுகிற ஆட்டம் எது வந்தாலும் அங்கே விமர்சனம் எழுதுவது நீ ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியாதா?

போன ஆட்டத்துக்கு நீ எழுதியது இன்னும் எனக்கு மனப்பாடம். “இந்த ஆட்டம் கொட்டாவி விடுகிறது, நாமும் கூடவே விடலாம்.” இரண்டே மாதத்தில், நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தை இழுத்து மூடினார்கள். ஏழு பேர் வீட்டுக்குப் போனோம். உன் விமர்சனத்தால் மட்டும் மூடவில்லை என்று மாமா சமாதானம் சொன்னார், உன் புருஷன் ஆயிற்றே. இருக்கலாம். ஆனால் கடைசி நாள் காலி மேசை மேல் கிடந்தது உன் பத்திரிகைதான்.

இதில் நான் செய்தது எதிரியை. அதாவது, ஆடுகிறவருக்கு எதிராகக் கம்ப்யூட்டரே நடத்துகிற படையின் மூளை. இரண்டரை வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். தலையில் பாதி நரைத்துவிட்டது.

முடிந்தால் வேறு யாரிடமாவது தள்ளிவிடு. முடியாவிட்டால் கெட்டதை எழுது, நல்லதையும் எழுது. சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

தம்பி

*

ஜனவரி 21

தம்பிக்கு,

தள்ளிவிடப் பார்த்தேன். ஆசிரியர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “இதைச் செஞ்சது உங்க தம்பின்னு கடைசியில ஒரு வரி போட்டுடுங்க. வேற யாரு இருக்கா இங்க?” என்றார். உண்மைதான். இருந்த இரண்டு பேரும் போன வருடமே நின்றுவிட்டார்கள். ஆக, நான்தான்.

ஒன்பது நாள் ஆடியிருக்கிறேன். நீ கேட்டபடி இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் நல்லது. உப்பை அள்ளிக் குவித்துத்தான் படை கட்ட வேண்டும். ஆனால் மழை வந்தால் குவியல் கரைந்துபோகும். இதை யோசித்தவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். மற்ற ஆட்டங்களில் என்னைப் போன்ற கஞ்சர்கள் சேர்த்து வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்போம். இங்கே வானம் இருட்டினாலே இருக்கிற உப்பையெல்லாம் அவசர அவசரமாகச் செலவழிக்கிறேன். அப்புறம் அந்த உப்பு அள்ளுகிறவர்கள். எதிரி வந்தால் கூடையைப் போட்டுவிட்டுத் தாங்களாகவே காவல் மேட்டுக்கு ஓடுகிறார்கள். வேறு ஆட்டத்தில் என்றால் அம்பு தைத்த பிறகும் அள்ளிக்கொண்டே சாவார்கள். நான் நாற்காலியில் இருந்து கத்திக்கொண்டிருப்பேன்.

இனி கெட்டது. எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். அந்த மரப்பாலம் ஒரு சாபக்கேடு. ஐம்பது வீரர்களை அனுப்பினால் பஸ்ஸில் இடம் பிடிக்கிறவர்கள் மாதிரி வாசலிலேயே முட்டி மோதி நிற்கிறார்கள். அக்கரையில் சண்டை முடிந்துவிடுகிறது. ஏழாவது கட்டத்தில் ஆமை வேகத்தில் ஊர்கிற அந்தப் படகுக்குக் காவலாகப் போகச் சொல்வது விளையாட்டு இல்லை, தண்டனை. எல்லாவற்றையும் விட, ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு உத்தரவு கொடுக்க வழியில்லை. யோசிக்கிற நேரத்திலும் எதிரி கட்டிக்கொண்டே போகிறான். வேகமாகச் சொடுக்குகிறவன்தான் புத்திசாலி என்று ஆகிவிடுகிறது. என் மணிக்கட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. கை அசையாமல் இருக்கத் துணிப்பட்டை போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

எதிரியைப் பற்றி இன்னும் சொல்லமாட்டேன். அவனிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

பழைய விமர்சனத்தில் பொய் ஒன்றும் எழுதவில்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

பாலத்தைப் பற்றி நீ சொன்னதை அலுவலகத்தில் வாய்விட்டுப் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், படம் வரைகிறவரைத் தவிர. பாலத்தை அகலப்படுத்தினால் ஆற்றின் அழகு போய்விடுமாம். எட்டு மாதமாக இதே பஞ்சாயத்து.

கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிற யோசனை என்னுடையதில்லை. ஆட்டத்தை ஆடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே எங்களிடம் ஒருத்தி இருக்கிறாள். வயது இருபத்தாறு, வாய் அறுபது. “உயிர் போற நேரத்துல யாரு சார் கூடையைக் கட்டிக்கிட்டு அழுவா?” என்று ஒரு நாள் கேட்டாள். அன்றே மாற்றினோம். நீ பாராட்டியதைச் சொன்னேன். இரண்டு நாளாகக் காலே தரையில் படவில்லை.

நிறுத்தி வைத்து உத்தரவு கொடுப்பது பற்றி முதலாளியிடம் போன வருடமே கேட்டேன். “அப்புறம் அது சதுரங்கம் ஆயிடும்ப்பா” என்று முடித்துவிட்டார். உன் கையைப் பற்றி மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லையே. எப்போதிருந்து?

ஒன்று கேட்கிறேன். பாலத்தை, படகை, எழுத்தை எல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எதிரியைப் பற்றி ரொம்ப எழுதாதே.

தம்பி

*

பிப்ரவரி 18

தம்பிக்கு,

பத்திரிகை இதோடு வருகிறது. நாற்பத்தொன்றாம் பக்கம். நாலு நட்சத்திரம். பாலத்துக்காக ஒன்றைக் குறைத்தேன்.

எதிரியைப் பற்றி எழுதாதே என்றாய். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அடக்கமெல்லாம் உனக்கு எப்போது வந்தது என்று சிரித்தும் கொண்டேன். அதைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். நீ பக்கத்தைப் புரட்டச் சோம்பல்படுவாய். இங்கேயே எடுத்து எழுதுகிறேன்:

“நம் ஆட்கள் போய்ப் பார்க்காத இடமெல்லாம் திரையில் இருட்டாகக் கிடக்கிறது. எதிரிக்கும் அதே இருட்டுதான். ஆனால் அவன் நம்மை விடக் கூர்மையாக யூகிக்கிறான். கிழக்கே படையைக் காட்டிவிட்டு மேற்கே ரகசியமாக முகாம் போட்டேன், அவன் ஏமாறவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த ஆட்டங்களை ஆடிவருகிறேன். கம்ப்யூட்டருக்குள் இப்படியொரு மூளையைச் சந்தித்ததில்லை.”

கீழே, இந்த மூளையைச் செய்தவர் விமர்சகரின் தம்பி என்று போட்டிருக்கிறேன். அந்த வரியை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளாயிற்று, ஒன்றை எழுதும்போது சந்தோஷப்பட்டு.

வலது கையில் பட்டை போட்டாயிற்று. ஆறு வாரம்.

அக்கா

*

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

பத்திரிகை வந்தது. நன்றி. ‘இப்படியொரு மூளையைச் சந்தித்ததில்லை’ என்ற உன் வரியை முதலாளி பெரிய எழுத்தில் அச்சடித்து வாசலில் ஒட்டியிருக்கிறார். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

கையைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 6

தம்பிக்கு,

இது மாமாவின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். (அடைப்புக்குறிக்குள் வருவது என் சொந்தச் சரக்கு. சௌக்கியமா? — மாமா)

கை கட்டுப்போட்டபடி இருப்பதால் பொழுது போகவில்லை. கண்ணாடிக் கடையிலிருந்து மாமா வந்ததும் அவரை உட்காரவைத்து ஆடச் சொல்கிறேன். நான் வாய், அவர் கை. உத்தரவை நான் போட்டு முடிப்பதற்குள் பாதிப் படை செத்துவிடும். (இவள் ஒரே மூச்சில் நாலு உத்தரவு போடுகிறாள். கடையில் என் முதலாளி கூட இப்படி இல்லை.)

போன ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு குடிசை கட்டச் சொன்னேன். இவர் எதையோ அழுத்தி, வரைபடத்தின் மேல் மூலையில், ஒரு ஜீவன் எட்டிப் பார்க்காத மணலில் கட்டிவிட்டார். அதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. ஆறு நிமிடம் கழித்து எதிரியின் முப்பது குதிரைகள் எங்கள் முகாமைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டி நேரே அந்த மூலைக்குப் போய் அந்தக் குடிசையைக் கொளுத்தின.

மாமா திகைத்துப்போனார். “அதை எங்க வெச்சேன்னு எனக்கே தெரியல. இவனுக்கு யாரு போய்ச் சொன்னா?” என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து வேண்டுமென்றே செய்து பார்த்தோம். பத்துத் தடவை, பத்து வேறு வேறு மூலைகள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் அவன் ஆள் ஒருவன்கூட வேவு பார்க்க வரவில்லை. பத்துத் தடவையும் படை வந்தது.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும். அவனுக்கு இருட்டு உண்டா, இல்லையா?

அக்கா
(கோபமாக இருக்கிறாள். சீக்கிரம் பதில் போடு.)

*

மார்ச் 13

அக்காவுக்கு,

இல்லை. அவனுக்கு இருட்டு கிடையாது. முழு வரைபடமும் முதல் நொடியிலிருந்தே அவன் கண்ணுக்குத் தெரியும்.

நியாயமான ஒன்றைத்தான் இரண்டரை வருடம் செய்தேன். அது இருட்டில் ஆள் அனுப்பி, தேடி, பார்த்ததை நினைவில் வைத்து யோசிக்கும். ஆனால் வழி தவறிய கிழவன் மாதிரி சுற்றும். போன நவம்பரில், ஆட்டத்தை முடித்துக்கொடுக்க ஆறு வாரம் இருக்கும்போது, ஆடிப் பார்க்கிற அந்தப் பெண் வந்து, “சார், இதுகிட்ட தோக்கணும்னா நான் கஷ்டப்பட்டு முயற்சி பண்ணணும்” என்றாள். பக்கத்து அறையில் முதலாளி போனில் வெளியீட்டுத் தேதியைச் சத்தம் போட்டு உறுதி செய்துகொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரே ஒரு வரியை மாற்றினேன். அவனுக்கு மட்டும் இருட்டை எடுத்துவிட்டேன். உடனே தாக்கினால் சந்தேகம் வரும் என்று, தெரிந்த பிறகும் ஐந்தாறு நிமிடம் சும்மா இருக்கச் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் அவள் ஆடிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். “சார், இது யோசிக்குது!” என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் எப்படிச் சொல்வது? இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதனால்தான் எழுதாதே என்றேன். நீ கேட்கவில்லை.

அச்சில் போட்டுவிடாதே அக்கா. ஆடுகிறவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். இங்கே ஐந்து பேர் இருக்கிறோம். ஒரு தடவை உன்னால் என் வேலை போயிற்று. இன்னொரு தடவையும் நீதானா?

தம்பி

*

மார்ச் 17

தம்பிக்கு,

இதை மாமாவிடம் சொல்லி எழுதவைக்க முடியாது. பட்டையைக் கழற்றிவிட்டு நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

உன் கடிதத்தைப் படித்ததும் உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். ‘என்னை நம்பிக் கடைக்குப் போகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்’ என்று ஒரு வரி. அதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன். நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் போன ஆட்டம் இருக்கிறதே, கொட்டாவி விட்ட ஆட்டம். அதில் பன்னிரண்டு கட்டங்கள். நான் மூன்றைத்தான் ஆடினேன். அப்போதுதான் கை முதல் முதலாக வீங்கியது. சுண்டுவிரலை மடக்க முடியவில்லை. ஆசிரியரிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். மூன்று கட்டத்தை வைத்துக்கொண்டு முழுதும் ஆடியவள் மாதிரி எழுதினேன். ‘கடைசி வரை இதே கதைதான்’ என்று ஒரு வரி வரும், ஞாபகம் இருக்கும் உனக்கு. கடைசி வரை நான் போகவே இல்லை. நாலாவது கட்டத்திலிருந்துதான் ஆட்டம் சூடுபிடிக்கும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையின் அடியில் போட்டேன்.

பொய் ஒன்றும் எழுதவில்லை என்று ஜனவரியில் உனக்கு எழுதினேனே, அதுவும் பொய்.

இப்போது சொல்கிறேன். அடுத்த இதழ் முப்பதாம் தேதி அச்சுக்குப் போகிறது. இரண்டையும் போடப் போகிறேன், உன்னுடையதையும் என்னுடையதையும். அதற்கு முன்னால் உன் ஆட்களிடம் நீயே சொல்லிவிடு. பத்திரிகையைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது.

அக்கா

*

மார்ச் 28

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். திரும்பி நடந்து வரும்போது வழியெல்லாம் உன்னோடு சண்டை போட்டேன். ஏழு பேரில் ஒருவர் இன்னும் வேலை கிடைக்காமல் இருக்கிறார் அக்கா. ஐம்பது வயது. அவரைப் பார்க்கும்போதெல்லாம், நம் ஆட்டம் நல்லா இல்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்று வருடம் என் மூளையையே சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகம் இல்லையென்றால் அந்த ஒரு வரியை மாற்றியிருப்பேனா? தெரியவில்லை. மாற்றியது நான்தான். அதை உன் தலையில் கட்டமாட்டேன்.

மறுநாள் காலை எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சொன்னேன். முதலாளி முதலில் எழுந்து கதவைச் சாத்தினார்.

“இது யாருக்கெல்லாம் தெரியும்?” என்றார்.

“எங்க அக்காவுக்கு.”

“போச்சு,” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். “வாசல்ல வேற ஒட்டி வெச்சிருக்கேன்.”

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் எழுந்துபோய்த் தன் மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவந்து என் முன்னால் போட்டாள்.

“நாலு மாசமா அதுகிட்ட தோத்து, நான் எங்க தப்புப் பண்றேன்னு தினமும் இதுல எழுதிட்டிருக்கேன் சார். சாயங்காலம் வீட்டுக்குப் போயும் அதையே யோசிப்பேன். தப்பே பண்ணலையா நான்?”

“இல்லம்மா.”

“ஒரு நாள் சொல்லியிருக்கலாமே சார்.”

அழவில்லை, கத்தவில்லை. நோட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போய்த் தன் வேலையைப் பார்த்தாள். நூற்றுப் பதினாறு பக்கம் அக்கா. எந்தெந்த மூலையில் ஒளிந்தாள், எப்படிக் கண்டுபிடித்திருப்பான் என்று படம் போட்டு எழுதியிருக்கிறாள்.

முதலாளி என்னை அனுப்பவில்லை. எதிரி வேலையிலிருந்து எடுத்துவிட்டார். பழைய நியாயமான எதிரியை அவளும் இன்னொருவரும் சேர்ந்து திருத்துகிறார்கள். ஆட்டத்தை வாங்கியவர்கள் எல்லோருக்கும் அதை அனுப்பப் போகிறோம். நடந்ததைச் சொல்லி எங்கள் பெயரில் ஓர் அறிவிப்பும் போடுகிறோம். எனக்கு இப்போது எழுத்துகளைப் பெரிதாக்குகிற வேலை.

நீ போட வேண்டியதைப் போடு.

தம்பி

*

ஏப்ரல் 19

தம்பிக்கு,

போட்டாயிற்று. ஆறாம் பக்கத்தில், பெட்டிச் செய்தியாக. இரண்டையும் படித்துவிட்டு ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “முதலாவதை மட்டும் போட்டா போதாதா? ரெண்டாவதை யாரு கேட்டா?” என்றார். யாரும் கேட்கவில்லைதான். இரண்டும் வரட்டும் என்றேன். வந்தது. அதோடு என் விமர்சனப் பக்கமும் முடிந்தது. வாசகர் கடிதங்களைப் பிரித்துத் திருத்தும் வேலை கொடுத்திருக்கிறார். முதல் கட்டுக் கடிதங்களில் பாதி என்னைத் திட்டி வந்தவை. எழுத்துப்பிழைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறேன்.

மாமாவிடமும் சொன்னேன். “மூணு வருஷமா இதை வெச்சுக்கிட்டா பக்கத்துல படுத்திருந்தே?” என்றார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, “என்ன கட்டணும், சொல்லு” என்றார்.

உங்கள் புது எதிரியோடு ஆடினோம். விமர்சனம் இல்லை, சும்மா சொல்கிறேன். அவன் மந்தம். நாங்கள் தெற்கே இருக்க, வடக்கே இருப்பதாக நினைத்து முப்பது குதிரைகளை அனுப்பினான். அவை வெறும் மணலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் கிழக்கே படையைக் காட்டிவிட்டு மேற்கே முகாம் போட்டேன், ஏமாந்தான். நான் நினைத்தது பலித்தது. இருபத்திரண்டு நாள் அந்த மற்றவனிடம் தோற்றபோது எனக்கு ஏதோ குறைந்துவிட்டது, வயதாகிவிட்டது என்று உள்ளுக்குள் நொந்துபோயிருந்தேன். அதை உனக்கு எழுதவில்லை. அந்தப் பெண்ணின் நோட்டைப் பற்றிப் படித்தபோது அழுதுவிட்டேன்.

பட்டையால் பலனில்லை, இடது கையும் வீங்கிவிட்டது. மே ஆறாம் தேதி இரண்டு கையிலும் அறுவை செய்கிறார்கள். பத்து நாள் கைகளை அசைக்கக் கூடாது. மாமாவுக்கு இரண்டு நாளுக்கு மேல் லீவு கிடையாது. பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறோம். நீ கவலைப்பட வேண்டாம். தகவலுக்காகச் சொன்னேன்.

அக்கா

*

ஏப்ரல் 25

அக்காவுக்கு,

பக்கத்து வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிடு. பதினொரு நாள் லீவு கேட்டேன். முதலாளி உடனே கொடுத்துவிட்டார். என் முகத்தைக் கொஞ்ச நாள் பார்க்காமல் இருந்தால் அவருக்கும் நல்லதுதான். ஐந்தாம் தேதி காலை ரயில். மத்தியானம் வந்துவிடுவேன்.

உன் மேல் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. அந்தப் பெட்டிச் செய்தியைப் படித்தேன், மறுபடியும் படித்தேன், அப்படியும் தீரவில்லை. வந்த முதல் இரண்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பாடு ஊட்டிவிடுவேன். பேசத்தான் மாட்டேன்.

தம்பி